எண்பத்து நான்கு கிலோமீட்டர், ஒருவர் மட்டும்

விருத்தாசலம்,
2.7.2025, புதன்கிழமை.

சேத்தியாத்தோப்பில் உரக்கடையும் ஊர் மரியாதையுமாக வாழ்ந்துவரும் என் அன்பு மச்சான் நந்தகுமாருக்கு, உன் மாமா ஆதிநாராயணன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உன் அக்கா ராஜாம்பாளும் நலம். அங்கு நீயும் பூர்ணிமாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க விருத்தகிரீஸ்வரர் துணை நிற்கட்டும். நலம் என்று மேலே எழுதியது வழக்கத்துக்காக. உன் அக்கா நலம்தான். நான்தான் நலமில்லை. மூன்று நாளாகச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். வாசலில் எந்த வண்டி வந்து நின்றாலும் கொல்லைக்கதவைப் பார்க்கிறேன். நேற்று கேஸ் சிலிண்டர் போட வந்தவரைப் பார்த்துக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன். செருப்பு தேடினேன் என்று உன் அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் கடைக்குப் பின்னால் யூரியா மூட்டை அடுக்கும் அறை ஒன்று இருக்கிறதல்லவா, அதில் ஒரு மூலையை எனக்காக ஒதுக்கி வை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸில் வருகிறேன். எத்தனை நாள் தங்குவீர்கள் மாமா என்று நீ கேட்பாய். குறைந்தது மூன்று நாள், அதிகம் போனால் மூன்று வருடம். போனில் சொல்லியிருக்கலாமே என்றும் கேட்பாய். உன் அக்கா எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச விடுவாள் என்பது உனக்கே தெரியும். அவள் காதில் விழக் கூடாத விஷயம் என்பதால்தான் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பேனாவைத் தேடி எடுத்தேன்.

விஷயம் இதுதான். என் மேல் பிராது கட்டப் போகிறார்கள். போலீசில் இல்லை, மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில்.

அந்தச் சாமியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பயந்தவன் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்வான், பொறுத்துக்கொள். ஸ்டேஷன், கோர்ட்டு, பஞ்சாயத்து எதிலும் தீராத வழக்கை ஒரு காகிதத்தில் எழுதி, இன்னார் எனக்கு இன்ன அநியாயம் செய்தார், நீயே கேள் என்று சாமி காலடியில் வைத்து எடுத்து, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம், மிஞ்சிப்போனால் மூன்று வருடத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும். வாய்தா கிடையாது, வக்கீல் கிடையாது, அப்பீல் கிடையாது. கட்டணம்கூட, பிராது கொடுப்பவருடைய ஊர் கோயிலிலிருந்து எத்தனை கிலோமீட்டரோ அதைப் பொறுத்துத்தான். ஆயுள் முழுக்க மோட்டார் சைக்கிள் கடையில் கிலோமீட்டர் சொல்லியே வயிறு வளர்த்தவன், கிலோமீட்டர் பார்த்துக் கட்டணம் வாங்கும் சாமியிடம் போய் மாட்டினால் என்ன ஆவான்? வெள்ளாற்றைத் தாண்டி உன் ஊருக்கு வந்துவிட்டால் சாமிக்கு எல்லை முடிந்துவிடுமா என்று தெரியாது. போலீஸ் ஸ்டேஷனுக்கு எல்லை உண்டு, சாமிக்கும் இருக்கலாம் என்ற நப்பாசைதான்.

பிராது கட்டப் போகிறவர் கருவேப்பிலங்குறிச்சி திரௌபதி அம்மாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, உன் அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வாசலில் வந்து நின்றார். ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று வயது இருக்கும். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு. ஆழத்தார் ஏஜென்சி ஆதிநாராயணன் வீடு இதுதானா என்று கேட்டு, உள்ளே வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, மஞ்சள் பைக்குள் கையை விட்டார். கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து நான் எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டினேன். கைக்கு வந்தது 1993-ஆம் வருடத்து ஹம்சா 100 மோட்டார் சைக்கிள் கேட்லாக். தமிழ்க் கேட்லாக். எழுதியவன் நான். பின் அட்டையில் விவரங்களுக்கு அணுகவும் என்று போட்டு என் பெயரும் வீட்டு விலாசமும் இருந்தன. அன்றைக்குப் பெருமையாக அச்சடித்துக்கொண்ட விலாசம் அது.

அந்தக் கேட்லாக்கைப் பற்றிச் சொன்னால்தான் என் குற்றம் உனக்குப் புரியும். கம்பெனியிலிருந்து வருவது இங்கிலீஷிலும் இந்தியிலும் இருக்கும். அதில் ஒருவன் டை கட்டிக்கொண்டு வண்டியில் சாய்ந்து நிற்பான். நம் ஊரில் அப்போது டை கட்டியவர்கள் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் மட்டும்தான், அவர்களுக்கு லைசென்ஸ் கிடையாது. அதனால் முதலாளி என்னைக் கூப்பிட்டு, நம்ம ஜனங்களுக்குத் தகுந்த மாதிரி ஒன்று எழுதய்யா என்றார். எழுதுவதற்கு முன்னால் நான் யோசித்தது ஒன்றுதான். வண்டியை ஓட்டப் போகிறவன் மாப்பிள்ளை, ஆனால் பணம் கட்டப் போகிறவர் மாமனார், கேட்லாக்கைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கப் போகிறவரும் மாமனார்தான். ஆகவே வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது. வேகம் என்றால் மாமனாருக்கு மகளின் தாலிதான் ஞாபகம் வரும். அடக்கமானது, சிக்கனமானது, ஒரே உதையில் கிளம்பும், எதிர்த்துப் பேசாது என்று கிட்டத்தட்ட ஒரு மருமகளுக்கு எழுதுவது போல எழுதினேன். இருந்தது சிவப்பு, கறுப்பு என்று இரண்டே நிறம். கல்யாணச் சீருக்குக் கறுப்பு வாங்க மாட்டார்கள் என்பதால் அதற்கு நாவற்பழ வண்ணம் என்று பெயர் வைத்தேன், அந்த வருடம் சிவப்பைவிட நாவற்பழம்தான் அதிகம் போனது. பால்காரர் நான்கு கேன் கட்டுவார், கசாப்புக்காரர் இரண்டு ஆடு கட்டுவார், அறுவடை நேரத்தில் கரும்பே கட்டுவார்கள். அது எதுவும் கேட்லாக்கில் வராது. கேட்லாக்கில் வருவது சிரித்த முகமாக ஒரு குடும்பம் மட்டும்.

அந்தக் குடும்பம் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கணவன் ஓட்டுகிறான், மனைவி ஒருபக்கமாகக் கால் போட்டுப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், பெட்ரோல் டேங்க் மேல் ஒரு குழந்தை. மூவரும் சாலையைப் பார்க்காமல் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கணவன் எங்கள் மெக்கானிக், கிரீஸ் போகத் தேய்த்துக் குளிப்பாட்டிக் கொண்டுவந்தோம். மனைவி நாடகத்தில் நடிக்கும் பெண், நெய்வேலியிலிருந்து வந்தாள். குழந்தை போட்டோகிராபருடையது. வண்டி ஸ்டாண்டு போட்டு நிற்கிறது. சேலை பறப்பதற்கு டேபிள் ஃபேன். படத்துக்குக் கீழே என் கைவண்ணம்: சேலை சக்கரத்தில் சிக்காத காப்பு வலை, பெண்கள் கால் வைக்கத் தனித் தட்டு, பிடித்துக்கொள்ள உறுதியான கைப்பிடி, விரும்பினால் கணவரையே பிடித்துக்கொள்ளலாம். கடைசி வரியைப் படித்துவிட்டு முதலாளி எனக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாம் பக்கத்தில் பூசணிக்காய் அளவுக்கு ஓர் எண். ஒரு லிட்டருக்கு 84 கிலோமீட்டர். அதன் தலையில் கடுகு மாதிரி ஒரு நட்சத்திரம். பக்கத்தின் அடியில், எறும்பு படிக்கிற எழுத்தில் அந்த நட்சத்திரத்துக்கு விளக்கம். கம்பெனி இங்கிலீஷில் ஏதோ சோதனை நிலை என்று போட்டிருந்தது, எனக்கு விளங்கவில்லை. மெக்கானிக்கைக் கேட்டேன். ஒரு ஆள், நாற்பது ஸ்பீடு, சமமான ரோடு என்று சொல்லிவிட்டுப் போனான். வாக்கியம் பாதியில் நிற்கிற மாதிரி இருந்ததால், நிறைவாக இருக்கட்டும் என்று காற்றை நான் சொந்தமாகச் சேர்த்தேன். 'ஒருவர் மட்டும் ஏறி, மணிக்கு 40 கி.மீ. வேகத்தில், சமதளச் சாலையில், காற்று இல்லாத நேரத்தில்.' நட்சத்திரத்தை யார் படிக்கப் போகிறார்கள்? இருபத்தெட்டு வருட சர்வீசில் ஒருவரும் படித்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருவர் படித்திருக்கிறார் மச்சான். திரௌபதி அம்மாளின் கணவர் கலியமூர்த்தி படித்திருக்கிறார். வண்டி அந்த அம்மாளின் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்தது. முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட மனைவியை அதில் ஏற்றியதில்லையாம். கேட்டால், கம்பெனி ரூல், ஒரு ஆள்தான் என்பாராம். கம்பெனியே சொன்ன பிறகு நாம் என்ன பேசுவது என்று இந்த அம்மாளும் பஸ்ஸிலேயே போய் வந்திருக்கிறார். பிரசவ வலி எடுத்தபோதும் டவுன் பஸ்தான். கணவர் வராமல் இல்லை, பஸ்ஸுக்குப் பின்னாலேயே தனியாக வண்டியில் வந்தாராம். இப்போது மகள் தமிழினிக்கு மங்கலம்பேட்டையில் மாப்பிள்ளை அமைந்து, அவர்கள் வண்டி கேட்டிருக்கிறார்கள். வண்டி வாங்குவதென்றால் எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று மகளுக்குச் சொல்லித்தர, கலியமூர்த்தி டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய கேட்லாக்கை வெளியே எடுத்திருக்கிறார். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக இந்த அம்மாள் மூன்றாம் பக்கத்தைப் பார்த்துவிட்டார்.

கேட்லாக்கை என் மடியில் விரித்து வைத்து, சேலை பறக்கும் அந்த நாடகக்காரியின் மேல் விரலை வைத்தார். சத்தம் போட்டுப் பேசவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"படம் பொய்யா, ஸ்டாரு பொய்யா? ரெண்டுல எது பொய்யின்னு எழுதுனவரு நீங்கதான் சொல்லணும். படம் பொய்யின்னா ஒங்க மேல பிராது கட்டறேன். ஸ்டாரு பொய்யின்னா எங்க வூட்டுக்காரரு மேல கட்டறேன். வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன் சார்."

ஸ்டாரையும் எழுதியவன் நான்தான் என்பது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. அவர் போன பிறகு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் பஸ் ஏறிக் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனேன். கணவரைப் பார்த்து, ஐயா, ஒரே ஒரு தடவை அந்த அம்மாளை ஏற்றி ஒரு சுற்று வந்துவிடுங்கள், என் தலை தப்பும் என்று காலில் விழுவதாகத் திட்டம். ஆள் முரடராக இருப்பார் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு வாசலிலேயே கும்பிடு கிடைத்தது. கலியமூர்த்தி செராமிக் எஸ்டேட்டில் சூளை அடுக்குகிறவர். பீங்கான் பியூஸ் கட்டை ஒரு தட்டுக்கு நாற்பத்தெட்டு என்றால் நாற்பத்தெட்டுதான் வைப்பார், ஒன்று கூடினாலும் சூட்டில் விரிசல் விடும் என்று முப்பத்தைந்து வருடமாகப் பயந்து பயந்து அடுக்கியவர். அப்படிப்பட்டவரிடம் போய் 'ஒருவர் மட்டும்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். போர்வையை விலக்கிக் காட்டிய வண்டி, கல்யாணப் பந்தலில் வைத்த நாள் போலவே இருந்தது. சீட்டின் முன்பாதி தேய்ந்திருந்தது, பின்பாதியில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

நீங்கள்தான் எழுதியதா என்று கேட்டு என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தான் நின்றுகொண்டார். நாற்பதைத் தாண்டியதே இல்லையாம். ஆனி, ஆடியில் காற்று கிளம்பினால் வண்டிக்குப் போர்வை போட்டு மூடிவிடுவாராம், ஆவணியில்தான் திறப்பாராம். விருத்தாசலம் மேம்பாலம் வந்தால் சமதளம் இல்லை என்பதால் இறங்கித் தள்ளிக்கொண்டே ஏறி, தள்ளிக்கொண்டே இறங்குவாராம். இத்தனை வருடத்தில் ஒரு சொட்டுக் குறையாமல் எண்பத்து நான்கு கொடுத்திருக்கிறது, நீங்கள் எழுதியது அத்தனையும் சத்தியம் சார் என்று கண் கலங்கச் சொன்னார். மச்சான், எனக்கு வெட்கமாக இருந்தது. கம்பெனிக்காரனே அந்த எண்பத்து நான்கை நம்பியதில்லை. நான் எழுதியதை ஒரு எழுத்து விடாமல் நம்பி வாழ்ந்த ஒரே மனிதர் என் முன்னால் கைகட்டி நிற்கிறார், அதனாலேயே அவர் மனைவி முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார்.

அந்த அம்மாளை ஏற்றலாம் ஐயா, தப்பில்லை என்றேன். எண்பத்து நான்கு வருமா என்றார். கொஞ்சம் குறையும் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. கொல்லைப்புறம் மனைவி இருக்கிறாரா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னார்:

"அவ வெயில்ல பஸ்ஸுக்கு நிக்கறத பாக்கும்போது எனக்கும் ஒரு மாதிரியாதான் சார் இருக்கும். ஆனா வருசா வருசம் பொங்கலுக்கு மாமனாரு வருவாரு. வந்ததும் மொத கேள்வி, மாப்ள, எம்பத்தி நாலு குடுக்குதான்னுதான். இல்லன்னு எப்பிடிங்க சொல்றது? அவுரு நெலத்த வித்து வாங்கிக் குடுத்த வண்டி."

மாமனார் செத்து ஒன்பது வருடம் ஆகிறதாம். பயம் மட்டும் சாகவில்லை. மாமனார்களை நம்பவைக்க எழுதியது, மாப்பிள்ளையை இப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். சனி வாயில் நின்றதால், ஒரு ஆள் ஏறினால் எவ்வளவுதான் குறைந்துவிடும், சோதித்துப் பாருங்களேன் என்று சொல்லித் தொலைத்தேன். அவர் உடனே, சரி சார், எழுதியவர் நீங்கள், நீங்களே பின்னால் உட்காருங்கள் என்றுவிட்டார். நந்தகுமார், நான் நாலாயிரம் மோட்டார் சைக்கிள் விற்றவன். ஆனால் ஒன்றில்கூட ஏறியவன் இல்லை. எனக்கு மோட்டார் சைக்கிள் என்றால் பயம். உன் அக்காவுக்கும் எனக்கும் சாமிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் இது, இப்போது உனக்கும். கடைக்குச் சைக்கிளில்தான் போவேன். யாராவது கேட்டால் உடம்புக்கு நல்லது என்பேன். ஓட்டிக் காட்டச் சொன்னால் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டு நான் பில் புத்தகத்தைத் தேடுவேன்.

ஆனியில் வண்டியை எடுப்பது சோதனைக்காக மட்டும்தான் என்று சொல்லி, காற்று அடங்கட்டும் என்று சாயங்காலம் ஆறு மணி வரை என்னை உட்கார வைத்தார். கோழி அடித்த வீட்டில் கோழி உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தேன். பிறகு டேங்கை மூடிவிட்டு, நூறு மில்லி பெட்ரோல் பிடிக்கிற ஒரு பாட்டிலை ஹேண்டில்பாரில் கட்டி, அதிலிருந்து ஒரு டியூப்பைக் கார்புரேட்டருக்கு விட்டார். அந்தப் பெட்ரோல் தீர்ந்து வண்டி எங்கே நிற்கிறதோ அதுவரை போன தூரம், பத்தால் பெருக்கினால் லிட்டருக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரத் தெரியாமல், படத்தில் அந்தப் பெண் உட்கார்ந்த மாதிரி ஒருபக்கமாக உட்கார்ந்து, பெண்கள் கால் வைக்கும் தனித் தட்டில் கால் வைத்தேன். தெருவே கூடிவிட்டது. வண்டி நகர்ந்ததும் கைப்பிடி போதவில்லை, நான் எழுதியபடி கணவரையே பிடித்துக்கொண்டேன். ஆஞ்சநேயா, கொளஞ்சியப்பா, ஆழத்துப் பிள்ளையாரே என்று வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு கண்ணை மூடியவன், எதிரே பஸ் வரும்போதெல்லாம் அவர் முதுகில் முகத்தைப் புதைத்தேன். நாற்பதுதான் சார், பயப்படாதீங்க என்றார் அவர். நாற்பது என்பது எவ்வளவு வேகம் என்று எனக்கு நேற்றுதான் தெரியும். அதை எறும்பு எழுத்தில் எழுதியிருக்கிறேன், பாவி.

இரண்டு பக்கமும் கரும்புக்கொல்லை, நடு ரோட்டில் வண்டி விக்கி விக்கி நின்றது. மீட்டரைக் குனிந்து பார்த்தார். ஏழு கிலோமீட்டர், நூறு மீட்டர். அப்படியானால் எழுபத்தொன்று. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் வருத்தமும் பக்தியும் சேர்ந்து இருந்தன.

"பாத்தீங்களா சார். பதிமூணு கொறஞ்சிபோச்சி. நீங்க எழுதுனது பொய்யாவாது."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த நட்சத்திரம் மெக்கானிக் போகிற போக்கில் சொன்னது, காற்று என் சொந்தச் சரக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருட்டப் போகிறது, சுற்றிலும் கரும்பு, திரும்பிப் போக அவர் வண்டிதான் கதி. மூடிக்கொண்டேன். ஏற்கனவே ஏற்ற மாட்டேன் என்றவர், இப்போது சாட்சியோடு ஏற்ற மாட்டேன் என்கிறார். தீர்க்கப் போன நானே வழக்கைக் கெட்டியாக்கிவிட்டு வந்திருக்கிறேன். படம் பொய் என்றால் எனக்குத் தண்டனை. ஸ்டார் பொய் என்றால் அந்த நல்ல மனிதருக்குத் தண்டனை, பின்னாலேயே எனக்கும். இரண்டும் உண்மை என்று சொல்லலாமா என்று பார்த்தேன், அது சாமிக்கே அடுக்காது.

ஆகையால் மச்சான், மூலை ஒன்று, பாய் ஒன்று, கொசுவத்தி ஒன்று. வேறெதுவும் வேண்டாம். உன் அக்காவிடம் நெய்வேலியில் பழைய ஸ்டாஃப் மீட்டிங் என்று சொல்லிவிட்டு வருகிறேன். உன் தொழில் பெருகவும், மூட்டைக்கு எலி வராமலும், பிள்ளைகள் கண்ணேறு படாமல் வளரவும் உன் மாமாவின் ஆசிகள். பூர்ணிமாவுக்கு என் அன்பைச் சொல். என்னைத் தேடி யாராவது வந்தால் என்னை உனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
அச்சத்துடன் உன் மாமா,
ஆதிநாராயணன்.

பின்குறிப்பு: 4.7.2025, வெள்ளிக்கிழமை மாலை.

பயத்தில் இதைத் தபாலில் போட மறந்து, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அறை வேண்டாம். இன்று காலை உன் ஊருக்கு என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவன், ஓடுவதற்கு முன்னால் நாமே முந்திக்கொண்டு சாமியிடம் ஒரு முன்ஜாமீன் பிராது கட்டிவிடலாம் என்று மணவாளநல்லூருக்குப் போனேன். கோயில் வாசலில் ஆனிக் காற்று ஆளைத் தள்ளுகிறது. அந்தக் காற்றில், மணிக்கு நாற்பதில், கலியமூர்த்தியின் வண்டி வருகிறது. பின்னால் திரௌபதி அம்மாள். ஒரு கை கைப்பிடியில், ஒரு கையில் மடித்த காகிதம்.

கலியமூர்த்தி இறங்கி என்னைக் கும்பிட்டார். அந்த அம்மாள் ஏறிய பஸ் வழியில் நின்றுவிட்டதாம், விடியலில் காற்றில்லை என்று நம்பி வண்டியில் பின்னாலேயே வந்தவர் இவர். வெள்ளிக்கிழமை கட்டுவதாகச் சொன்ன பிராது, நாள் தவறக் கூடாதில்லையா சார், அதனால் கூட்டி வந்தேன் என்றார். தன் மேல் கட்டப்போகிற பிராதைத் தானே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார், தாம் என்ன செய்திருக்கிறோம் என்றே அவருக்கு உறைக்கவில்லை. பின்னால் ஆள் உட்கார்ந்து வந்ததே ஐயா என்று மெதுவாகச் சொன்னேன். திரும்பிச் சீட்டின் பின்பாதியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. மேம்பாலத்தில் என்ன செய்தீர்கள் என்றேன். எறங்கல சார் என்றார், தண்ணீர் கேட்கிற குரலில்.

அந்த அம்மாள் நேரே என்னிடம் வந்து, பதில் கொண்டு வந்தீர்களா என்று கேட்டார். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வருகிறதா என்று ஒரு பார்வை பார்த்தேன். ஆனாலும் சொல்லிவிட்டேன் மச்சான். படமும் பொய்தாம்மா, ஸ்டாரும் பொய்தான், இரண்டையும் எழுதியவன் நான்தான், இவர் மேல் தப்பில்லை, அதுதான் ஏறி வந்துவிட்டீர்களே, இனிமேல் பிராது எதற்கு என்றேன்.

"இன்னிக்கி வந்ததுக்கா சார் பிராது? வராம இருந்த நாளுக்கு. ரெண்டும் பொய்யின்னா ரெண்டு பேரு மேலயும் கட்டறேன்."

காகிதத்தை எங்களிடம் காட்டவில்லை. சாமி காலடியில் வைத்து எடுத்து, வேலில் இறுக்கி முடிச்சுப் போட்டார். ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டதற்கு, கலியமூர்த்தி வாசலுக்கு ஓடி, வண்டி மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து, புள்ளி வைத்துப் பதில் சொன்னார். எங்களுக்கு என்ன தண்டனை கேட்டிருக்கிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. வெளியே வந்து அந்த அம்மாள் கேட்காமலே பின்னால் ஏறி உட்கார்ந்தார். எங்கே போகணும் என்று கலியமூர்த்தி கேட்டார். எங்கே ஓடினாலும் மூன்று நாள், மூன்று வாரம்தான் என்பதால் நான் வீட்டிலேயே இருந்து நடுங்கிக்கொள்கிறேன். உறையை ஒட்டி உன் அக்காவிடம் தபாலில் போடக் கொடுக்கிறேன். இதில் இருப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது.

தம்பி நந்தா, அக்கா எழுதறேன். ஒன் மாமா ஒட்டிக் குடுத்த கவர வெள்ளிக்கெழமையே கோந்து காயறதுக்குள்ள பிரிச்சிட்டேன், இன்னிக்கித்தான் தபால்ல போடறேன். நேத்து ஞாயித்துக்கெழம அந்தத் திரௌபதி நம்ம வூட்டுக்கு வந்திச்சி, வண்டியிலதான். காத்து அப்பிடி அடிக்குது, அது வூட்டுக்காரரு வெளிய வண்டிய புடிச்சிக்கிட்டு நிக்கறாரு, ஒன் மாமா கொல்லைக்கதவு பின்னால. அந்தக் காயிதத்துல பேரும் ஊரும் மட்டும்தான் எழுதியிருந்ததாம். மீதிய கோயிலுக்கு வந்து எழுதிக்கலாம்னு இருந்தாளாம். பாலத்துமேல வரும்போது, வாயத் தொறந்தா இவருக்கு நெனப்பு வந்து எறக்கி வுட்டுடுவாரோன்னு மூச்சே வுடாம உக்காந்து வந்தாளாம். கோயில்ல எறங்கனப்ப எழுதறதுக்கு ஒண்ணுமே இல்லியாம், கோவம் வழியிலயே போயிடிச்சாம். அது தெரிஞ்சா திரும்பிப் போறப்ப பஸ்ஸுல ஏத்தி வுட்டுடுவாருன்னு சும்மானாச்சிக்கும் மொறச்சிக்கிட்டு, வெறுங்காயிதத்த மடிச்சிக் கட்டிட்டு வந்திருக்கா. சனிக்கெழம கடலூருக்குக் கூட்டிக்கிட்டுப் போயி கடல காட்டினாராம். கல்யாணமாகி வந்ததுல இருந்து அவ கடல பாத்ததில்லியாம். ஒன் மாமாவும் மூணு நாளா வெங்காயம் நறுக்கித் தராரு, வாசத் தெளிக்கறாரு, நான் எது சொன்னாலும் சரின்றாரு. நீ இந்த ரெண்டு ஆம்பளைங்ககிட்டயும் வாயத் தொறக்காத. பாவமா இருக்குது அக்கா, பிராத வாபஸ் வாங்கிடட்டுமான்னு அந்தப் பொண்ணு என்னைய யோசன கேட்டுச்சி. மூணு வருசம் போவட்டும்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.